சர்வதேசப் பள்ளி வேலை: இன்டர்வியூவில் சொன்னதும் போய்ப் பார்த்ததும்

சாக்பீஸ்:

அக்டோபர் வந்துவிட்டது. ஆகஸ்டில் கல்வியாண்டு தொடங்கும் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு இது என்ன மாதம் என்று தெரியும். "அடுத்த ஆண்டு இருக்கிறீர்களா, போகிறீர்களா?" என்று கேட்டுப் படிவம் வரும். பல பள்ளிகளில் நவம்பர், டிசம்பருக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போகிறேன் என்று எழுதினால் நம் இடம் உடனே விளம்பரத்துக்குப் போய்விடும், நம் கையில் அடுத்த வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். விசித்திரமான தொழில்தான் இது.

நான் இயற்பியல் ஆசிரியர். போன சீசனில் நடந்த ஒரு இன்டர்வியூவைச் சொல்கிறேன். வீடியோ அழைப்பில்தான் நடந்தது. கொரோனாவுக்கு முன்பு சர்ச் (Search) அசோசியேட்ஸ் மாதிரி ஆசிரியர் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் ஜனவரியில் ஏதாவது பெரிய ஹோட்டலில் வேலைச் சந்தை நடத்தும். ஒரே நாளில் நாலைந்து பிரின்சிபல்களைப் பார்த்து மறுநாளே கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. சந்தைகள் இன்னும் நடக்கின்றன. ஆனால் நிறைய இடங்கள் அதற்கு முன்பே திரையிலேயே நிரம்பிவிடுகின்றன.

அந்த பிரின்சிபல் முக்கால் மணி நேரம் பேசினார், அதில் பாதி புது நீச்சல் குளத்தைப் பற்றி. கடைசியில் எனக்குக் கேள்வி உண்டா என்றார். இந்த இடம் ஏன் காலியாகிறது என்று கேட்டேன். "சொந்தக் காரணம்" என்றார். போகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசலாமா என்றேன். முகம் சற்று மாறியது. "எங்கள் ஆசிரியர் ஒருவரை உங்களுக்கு எழுதச் சொல்கிறேன்" என்றார். சொன்னபடி மின்னஞ்சல் வந்தது, எல்லாமே அருமை என்று. எழுதியவர் பிரின்சிபலின் மனைவி என்பது பள்ளியின் இணையதளத்தில் ஊழியர் பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது.

வேறொரு பள்ளியில் இதே கேள்விக்கு, விட்டுப் போகிறவரின் மின்னஞ்சல் முகவரியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் குறைகளையும் மறைக்கவில்லை. ஆய்வகத்துக்கு உதவியாளர் கிடையாது, டைம்டேபிள் செப்டம்பர் வரை மாறிக்கொண்டே இருக்கும் என்றார். அங்கேதான் இப்போது இருக்கிறேன். அவர் சொன்ன இரண்டு குறையும் அப்படியே இருக்கின்றன, மூன்றாவதாக ஒன்றும் இல்லை.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம்.

பீக்கர்:

நான் சொல்லப்போவது லோக்கல் ஹயர் சமாசாரம். புதிதாக வருபவர்கள் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

கணவருக்கு ஒரு நாட்டில் வேலை கிடைத்தது. அவருடைய குடும்ப விசாவில் போய் இறங்கிய பிறகு, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் வேதியியல் இடம் இருக்கிறதென்று விண்ணப்பித்தேன். இன்டர்வியூ, டெமோ கிளாஸ் இரண்டும் நன்றாகப் போயின. காண்ட்ராக்ட் வந்தது. சம்பளம் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. சேர்ந்து சில வாரம் கழித்து ஸ்டாஃப் ரூமில் பேச்சுவாக்கில் தெரிந்தது: எனக்குப் பக்கத்து ஆய்வகத்தில் அதே வகுப்புகளுக்கு அதே பாடம் எடுப்பவருக்கு வீடு, ஆண்டுக்கு ஒருமுறை விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு எல்லாம் பள்ளியுடையது. எனக்கு எதுவும் இல்லை. அவர் வெளிநாட்டிலிருந்து எடுக்கப்பட்டவர், நான் "உள்ளூரில் கிடைத்தவர்". நானும் அந்த நாட்டுக்காரி இல்லை என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. விண்ணப்பித்த நாளில் எந்த மண்ணில் நின்றேன் என்பதுதான் கணக்கு.

எச்ஆரிடம் போனேன். சம்பள அட்டவணையை மாற்ற முடியாது என்றார்கள். சரி, என் மகளுக்கு இடம் கொடுங்கள் என்றேன். சர்வதேசப் பள்ளியில் பணத்தைவிட எளிதாக அவர்கள் விட்டுக்கொடுப்பது காலியாக இருக்கிற ஒரு நாற்காலியைத்தான். அடுத்த காண்ட்ராக்டில் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்று எழுதி வாங்கினேன். அந்தக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தால் வீட்டு வாடகைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

துணைவர் வேலைக்காக ஊர் மாறப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விசாவை யார் எடுப்பது என்பதைப் பற்றிப் பேசும் முன்பே "இது எந்த பேக்கேஜ்?" என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் மணி:

பீக்கர் மேடம் சொன்னதற்கு மேல் ஒரு மாடி இருக்கிறது, அதன் பெயர் பாஸ்போர்ட். நான் ஆங்கில ஆசிரியர், முதுகலை, பயிற்சிப் பட்டம், வகுப்பறை அனுபவம் எல்லாம் உண்டு. ஒரு ஏஜென்ட் என் விவரங்களைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்கள் ப்ரொஃபைல் பிரமாதம், பாஸ்போர்ட்தான் பிரச்சினை." சீனாவில் மொழி ஆசிரியருக்கான வேலை அனுமதி, பொதுவாக அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களுக்கு என்று விதியே இருக்கிறது. அது விதி என்பதால் அதன்மேல் எனக்குக் கோபமில்லை. விதி எதுவும் இல்லாத நாடுகளில்கூடப் பெற்றோருக்குப் பிடிக்காது என்று பிரின்சிபலே முடிவு செய்துகொள்கிறாரே, அதில்தான் கோபம்.

கணிதம், அறிவியல்காரர்களுக்கு இந்தச் சுவர் உயரம் குறைவு. அவர்களுக்கு ஒரு தகவல்: இங்கிலாந்தின் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு 2023 பிப்ரவரி முதல் இந்தியா, சிங்கப்பூர், நைஜீரியா, தென்னாப்பிரிக்கா உட்படப் புதிதாக ஒன்பது இடங்களின் ஆசிரியர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயது மாணவர்களுக்கு நடத்தும் தகுதியோடு இருப்பவர்களுக்குத்தான் முதலில் இதைத் திறந்தார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளின் விளம்பரத்தில் "க்யூடிஎஸ் அவசியம்" என்று பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனவர்கள் ஒருமுறை பாருங்கள்.

டஸ்டர்:

பாஸ்போர்ட் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விஷயத்தில் அதைவிடப் பெரிய பூட்டு ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலரேட் பாடத்திட்ட அனுபவம். ஐபி டிப்ளமா நடத்தியிருந்தால்தான் ஐபி பள்ளியில் எடுப்பார்கள். ஐபி பள்ளியில் இருந்தால்தான் நடத்த முடியும். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் எவ்வளவு நடத்தியிருந்தாலும், "எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கு வழிகாட்டியிருக்கிறீர்களா? தியரி ஆஃப் நாலெட்ஜை உங்கள் பாடத்தோடு எப்படி இணைப்பீர்கள்?" என்று ஐபி டிப்ளமாவுக்கே உரிய பகுதிகளைப் பற்றிக் கேட்டதும் இன்டர்வியூ தணிந்துவிடும்.

நான் உள்ளே நுழைந்தது பக்கவாட்டுக் கதவு வழியாக. ஐபி அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பள்ளிகள் உண்டு, கேண்டிடேட் ஸ்கூல் என்பார்கள். பெயர் பெற்ற பள்ளியை விட்டுவிட்டு அனுபவசாலிகள் அங்கே வர மாட்டார்கள். ஆகவே எங்களைப் போன்றவர்களை எடுப்பார்கள். அங்கீகாரம் பெற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தே ஆக வேண்டும், அந்தப் பட்டறைகளுக்குப் பள்ளியே பணம் கட்டியது. வேலை கடுமை, உண்மைதான். பாடத்திட்ட ஆவணம் ஒவ்வொன்றையும் வெறும் தாளிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அங்கீகாரக் குழு வருவதற்கு முந்தைய மாதம் தூக்கமே இல்லை. ஆனால் அந்த ஆவணங்களை எழுதியவன் என்பதுதான் பிறகு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. இன்டர்வியூவில் எந்தக் கேள்விக்கும் நடந்ததையே எடுத்துச் சொல்ல முடிந்தது.

பெட்டிபடுக்கை:

காகித வேலை பற்றி யாரும் சொல்லவில்லையே. பட்டச் சான்றிதழ் அசலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே தேடுங்கள். அபோஸ்டில் என்பது ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஒரே முத்திரையோடு ஏற்கும் உடன்படிக்கை. சீனா 2023 நவம்பரில் அதற்குள் வந்த பிறகு, அதே உடன்படிக்கையில் உள்ள பல நாடுகளிலிருந்து போகிறவர்களுக்குத் தூதரக அலைச்சல் மிச்சம். அமீரகத்துக்கு இன்னும் பழைய வழிதான்: பட்டம் தந்த நாட்டின் அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், பிறகு அங்கே போய் இன்னொரு முத்திரை. சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரிந்த பெயரும் இருந்தால் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கூடுதல்.

அப்புறம் காவல்துறைச் சான்று. நீங்கள் வேலை பார்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். முன்பு இவ்வளவு கெடுபிடி இல்லை. பல நாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் ஆசிரியராக இருந்த ஒருவரின் குற்றங்கள் 2014-ல் வெளியே வந்த பிறகு, பள்ளி அமைப்புகள் சேர்ந்து குழந்தைப் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசப் பணிக்குழு அமைத்தன. அதற்குப் பின் சரிபார்ப்பு இறுகியது. இறுகியது சரிதான். நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த நாட்டுச் சான்றை வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு கைரேகை அனுப்பி வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

வெண்பலகை:

அமீரகம் போகிறவர்கள் காண்ட்ராக்டில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். பேசிக் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டி பேசிக்கில்தான் கணக்கு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஓராண்டு முடியாவிட்டால் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு 105 நாள், அதாவது மூன்றரை மாத பேசிக். பேசிக் மொத்தத்தில் 40 சதவீதம்தான் என்றால், கைக்கு வருவது ஒன்றரை மாத முழுச் சம்பளம்கூட இல்லை. எனக்கு வந்த இரண்டு ஆஃபரில் மொத்தம் குறைவாக இருந்ததில்தான் பேசிக் அதிகம். அதையே எடுத்தேன், நண்பர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் மணி:

அப்புறம் ஒன்று மறந்துவிட்டேன். இன்டர்வியூ இல்லாமல் ஆஃபர் லெட்டர் வந்தால் அது வேலை இல்லை. எனக்கு ஒன்று வந்தது, பளபளவென்று லோகோவோடு, சம்பளமும் சந்தை நிலவரத்தைவிட ரொம்ப அதிகம். விசாவுக்காக "எங்கள் பயண முகவருக்கு" பணம் அனுப்பச் சொன்னது. முகவரி இலவச மின்னஞ்சல். பள்ளியின் இணையதளத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு, "இந்த வாரம் நீங்கள் முதல் ஆள் இல்லை" என்றார்.

சிவப்பு மை:

நான் சொல்வது வேலை தேடுவதைப் பற்றி அல்ல, போன பிறகு நடப்பதைப் பற்றி. ஐபி டிப்ளமா இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பக் கணிப்பு மதிப்பெண் கொடுப்போம் அல்லவா, 7-க்கு எத்தனை என்று. ஒரு மாணவனுக்கு 5 கொடுத்தேன். அவனுடைய இன்டர்னல் அசெஸ்மென்ட், மாதிரித் தேர்வு இரண்டுமே அதைத்தான் சொல்லின. மறுநாள் அவன் அம்மா வந்தார். அழவில்லை, திட்டவில்லை. எத்தனை ஆண்டாக, எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளியில் கட்டணம் கட்டுகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் இயக்குநர் அழைத்து, "மறுபடி ஒருமுறை பாருங்களேன்" என்றார். பார்த்தேன். 5-தான். அதையே மாதிரித் தேர்வுத் தாளின் நகலோடு மின்னஞ்சலில் எழுதி, துறைத் தலைவரையும் சேர்த்து அனுப்பினேன். பிறகு மதிப்பெண்ணை டிப்ளமா ஒருங்கிணைப்பாளர் மாற்றினாரா என்பது எனக்குச் சொல்லப்படவில்லை.

என் கவலை ரெஃபரன்ஸ். ஏஜென்சிகளில் ரெஃபரன்ஸ் ரகசியம். பிரின்சிபல் நேராக அவர்களுக்கு எழுதுவார், நம் கண்ணில் படாது. அதனால் அந்த சீசனில் துறைத் தலைவரையும் முந்தைய பள்ளி பிரின்சிபலையும் சேர்த்து மூன்று பேர் பெயர் கொடுத்தேன். ஒருவர் எழுதுவது மட்டும் தனியாக நின்றால், படிப்பவர் போன் போட்டுக் கேட்பார். அப்படித்தான் கேட்டார்கள். நானும் அந்த இன்டர்வியூவில் கேட்டேன்: கணிப்பு மதிப்பெண் பற்றிப் பெற்றோர் பேச வந்தால் யாரைப் பார்ப்பார்கள்? "ஒருங்கிணைப்பாளரை. ஆசிரியரைத் தனியாகப் பார்க்க அனுமதி இல்லை" என்றார் பிரின்சிபல். ஜனவரியில் கையெழுத்துப் போட்டேன். போன மார்ச்சில் ஒரு அப்பா நேராக என் வகுப்பறைக்கே வந்துவிட்டார். ஒருங்கிணைப்பாளர் பின்னாலேயே வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்.