புதரடி டோஹீயைப் படமெடுக்க முடியவில்லை, உதவுங்கள்

கேட்டவர்:
நான் அமெரிக்கா வந்து மூன்று வாரங்களாகின்றன. கணவர் வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கும் எனக்கு, குடியிருப்பின் பின்புறம் நம்மூர்த் தவிட்டுக்குருவியைப் போலச் சருகு கிளறும் டோஹீ என்னும் பறவைதான் துணை. எடுத்த படங்களெல்லாம் இருண்டு கலங்கியிருக்கின்றன. இன்று புதரருகே குனிந்திருந்தபோது, எதைப் படமெடுக்கிறீர்கள் என்று அண்டை வீட்டார் கடுமையாகக் கேட்டார். சட்டத்தை மீறிவிட்டேனா என்று அஞ்சுகிறேன்.

நியூ ஜெர்சி அன்பர்:
சகோதரி, முதல் குளிர்காலத்தைக் கடப்பதே பெரும்பாடு. பனியில் பறவைகளைக் காணாமல் தவித்த நான், ஏப்ரலில் ஆண் டோஹீ புதர் உச்சியில் அமர்ந்து பாடியபோதுதான் தேறினேன். ஏப்ரல்வரை பொறுத்திருங்கள்.

சான் ஹோசே அன்பர்:
கலிஃபோர்னியாவில் அது ஆண்டு முழுவதும் இருக்கும், காத்திருக்க வேண்டாம். தரையில் பனிவரகைத் தூவுங்கள்.

டாலஸ் அன்பர்:
தூவவே தூவாதீர்கள். நான் தூவியதால் எலிகள் வந்து, குடியிருப்பு நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பால்கனியில் துணி உலர்த்தவும் அங்கே தடைதான்.

சான் ஹோசே அன்பர்:
இத்தனை வாடகை கொடுத்தும் ஒரு தொட்டிச் செடி வைப்பதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

சியாட்டில் அன்பர்:
சகோதரியின் கேள்விக்குத் திரும்புவோம். பறவையைப் படமெடுப்பது குற்றமன்று. கேமரா பிறர் சன்னலை நோக்காமல் பார்த்துக்கொண்டு, அண்டை வீட்டாரிடம் படத்தைக் காட்டிவிடுங்கள். கருந்தலை, சிவந்த கண், சிறகிலும் முதுகிலும் வெண்புள்ளிகள் எனில் அது புள்ளி டோஹீ. முதுகில் புள்ளியில்லாத கிழக்கத்திய டோஹீயையும் இதையும் 1995 வரை ஒரே இனமாகவே கருதினார்கள். உடல் முழுதும் பழுப்பு எனில் கலிஃபோர்னிய டோஹீ. இரு கால்களாலும் ஒருசேரப் பின்னோக்கிச் சருகை உதைத்தபின், கிடைத்ததைப் பார்க்க அது ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 1600 என்று தொடங்கலாம். கூடு தரையிலோ தாழ்ந்த புதரிலோ இருக்குமாதலால், பறவை விடாமல் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் உடனே விலகிவிடுங்கள். ஊர், நிறம், லென்ஸ் மூன்றையும் நீங்கள் சொல்லவில்லையே?

கேட்டவர்:
மன்னிக்கவும். ஊர் ஃப்ரீமாண்ட், சிவந்த கண்ணும் வெண்புள்ளிகளும் உண்டு, லென்ஸ் 18–55 மிமீ.

சியாட்டில் அன்பர்:
அது புள்ளி டோஹீயேதான். அந்த லென்ஸால் தொலைவிலிருந்து எடுக்க இயலாது. அது வழக்கமாகக் கிளறும் இடத்திற்கு இரண்டடி தள்ளிக் கேமராவைத் தரையில் வைத்து, அவ்விடத்திற்கே ஃபோகஸைப் பொருத்திவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து கைபேசிச் செயலி வழியே இயக்குங்கள். கேமராவில் வைஃபை இருக்கிறதா?