கூட்டாகச் செய்த கலைக்கு ஒருவர் பெயர் போதுமா?

கேள்வி: அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோவின் 'தி டின்னர் பார்ட்டி' என்ற கலைப்படைப்பைப் பற்றிப் படிக்கிறேன். வரலாற்றுப் பெண்கள் 39 பேருக்குப் பந்தி விரித்ததுபோல் ஒரு முக்கோண மேசை. 1974 முதல் 1979 வரை நூற்றுக்கணக்கானோர் உழைத்திருக்கிறார்கள், பெயர் ஒருவருக்கு. இது கூட்டுக்கலையா?

பதில்: நான் பூத்தையல் போடுகிறவள், என் கண் அந்த மேசையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் வைத்த தட்டுக்குக் கீழே உள்ள தையல் விரிப்புகளுக்குத்தான் போகும். அந்தந்தப் பெண்ணின் காலத்துத் தையல் முறைகளைத் தேடிப் பிடித்துச் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பை 'உதவி' என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மொத்தத் திட்டமும் கடைசி முடிவும் சிகாகோவுடையவை. உழைத்தவர்களின் பெயர்களையும் பலகைகளில் காட்சிக்கு வைத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு பதில்: அப்படியானால் 1972இன் 'வுமன்ஹவுஸ்' பாருங்கள். ஹாலிவுட்டில் ஒரு பாழடைந்த வீட்டையே கலைப்படைப்பாக்கினார்கள். சிகாகோ, இன்னொரு கலைஞரான மிரியம் ஷபிரோ, அவர்களுடைய கலை மாணவிகள் எல்லாரும் சேர்ந்து தாங்களே பழுதுபார்த்தார்கள். சமையலறையில் பொரித்த முட்டை உருவங்கள் மெல்ல முலைகளாக மாறும்! அந்த அறையைச் செய்தவர்களாக மூன்று பெண்களின் பெயர்கள் இருக்கின்றன.

கேட்டவர்: சரி, அந்த மூவரைப் பற்றித்தான் முதலில் தேடப் போகிறேன்.