கோரைக்கிழங்கும் இரவு மாத்திரையும்

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

ஞாயிற்றுக்கிழமை

சுந்தரம், காலை 7:42
(படம்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்)

சுந்தரம், 7:44
எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்றுக் கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். முருகன் அருள்.

ஜெயா, 7:50
ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஆடிக் கிருத்திகைக்கு சுவாமிமலை போய் வந்துவிடுவோம்.

பாலா, 7:53
நல்ல செய்தி அப்பா. இங்கே மஸ்கட்டில் இப்போதுதான் விடிந்திருக்கிறது, கண் விழித்ததும் இதைப் பார்த்தேன்.

சுந்தரம், 7:58
இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி படுக்கும் முன் போடும் மாத்திரையைச் சித்திரையிலேயே நிறுத்திவிட்டேன். மூன்று மாதமாகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. மருந்துக் கடைத் தம்பிதான் கேட்டார், "ஐயா, இது பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுப்பது, உங்களுக்குத்தான் அது இல்லையே" என்று. எனக்கும் நியாயமாகப் பட்டது. ஏற்கெனவே காலையில் ஏழு, ராத்திரி ஐந்து என்று விழுங்குகிறேன்.

மீனாட்சி, 8:03
டாக்டரே நிறுத்தச் சொன்னார் என்றல்லவா என்னிடம் சொன்னீர்கள்?

செல்வி, 8:31
நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். பெரிய மாமா, எந்த மாத்திரை? அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

சுந்தரம், 8:34
(படம்: மாத்திரை அட்டை)

செல்வி, 8:35
எண்டெகாவிர். மாமா, போன் எடுங்கள்.

செல்வி, 8:38
மாமா?

மீனாட்சி, 8:40
படத்தை அனுப்பிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். போன் மேஜைமேல் இருக்கிறது. என்னம்மா, எனக்குக் கை நடுங்குகிறது.

செல்வி, 8:42
பயப்படாதீர்கள் அத்தை, இன்றைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இது நாமாக நிறுத்தக் கூடிய மாத்திரை இல்லை. ஆபரேஷன் முடிந்து வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் ஃபைல் எங்கே?

பாலா, 8:49
நான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். மொத்தம் 14 பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, டோனருக்கு "ஆன்டி ஹெச்பிசி பாசிட்டிவ்" என்று. இதுதானா?

செல்வி, 8:50
இதேதான்.

முருகேசன், 8:56
டோனர் என்றால் அண்ணனுக்குக் கல்லீரல் கொடுத்த நான்தானே. பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறதே. எனக்கு பி காமாலையா?

முருகேசன், 8:58
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

செல்வி, 9:01
சின்ன மாமா, நீங்கள் அழிக்கும் முன்பே படித்துவிட்டேன். அண்ணனுக்கு வியாதியைக் கொடுத்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பஸ்ஸில்தான் இருக்கிறேன், பொறுமையாக எழுதுகிறேன், கடைசி வரை படியுங்கள்.

செல்வி, 9:09
பி வைரஸை ஒரே ஒரு பரிசோதனையால் பார்க்க முடியாது. பெரிய மாமா இன்று அனுப்பிய ரிப்போர்ட், வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. வெளியில் "ஹெபடைடிஸ் பி டெஸ்ட்" என்றாலே பெரும்பாலும் இதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் உங்களுக்கும் அது நெகட்டிவாகத்தான் இருந்திருக்கிறது, ஃபைலில் அடுத்த வரியிலேயே இருக்கிறது.
பாசிட்டிவ் என்று போட்டிருப்பது வேறு. வைரஸின் உள்பகுதிக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள் அது. எப்போதோ அந்த வைரஸ் உள்ளே வந்திருக்கிறது, உங்கள் உடம்பே அதை அடக்கிவிட்டிருக்கிறது. அதன் தடம்தான் இது. தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்தத் தடம் வராது, ஊசியில் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கும்.

முருகேசன், 9:13
அடக்கிவிட்டதென்றால் அண்ணனுக்கு எதற்கு மாத்திரை?

செல்வி, 9:18
அங்கேதான் விஷயம் இருக்கிறது. அடக்கியதே தவிர, அடியோடு அழிக்கவில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் அந்த வைரஸின் மரபணு சிறு வளையமாகச் சுருண்டு தங்கிவிடும். மேலுறைப் புரதம் ரத்தத்தில் தெரியாது. சில சமயம் ரத்தத்தில் வைரஸே கிடைக்காது, ஆனால் கல்லீரலுக்குள் இருக்கும். மறைந்திருக்கும் பி தொற்று என்று இதைச் சொல்வோம்.

முருகேசன், 9:21
கோரை மாதிரியா?

செல்வி, 9:21
எந்தக் கோரை மாமா?

முருகேசன், 9:25
வயலில் வரும் கோரைப் புல். மேலே எத்தனை முறை பறித்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். கோடையில் வயல் சுத்தமாக இருப்பது போலத் தெரியும். தண்ணீர் பாய்ச்சின நாலாம் நாள் ஊசி ஊசியாகக் கிளம்பும்.

செல்வி, 9:33
அதேதான் மாமா. ஒன்பது வருடமாகக் கல்லீரல் வார்டில் இருக்கிறேன், எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்ததில்லை. உங்கள் உடம்பில் களை எடுக்க ஆள் இருக்கிறது, அதனால் கிழங்கு கிழங்காகவே கிடக்கிறது. பெரிய மாமாவுக்கோ, வந்த கல்லீரலை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்று டாக்ரோலிமஸ் கொடுக்கிறார்கள். அது எதிர்ப்புச் சக்தியைக் கட்டி வைக்கிறது. களை எடுப்பவர்களை நாமே வீட்டில் உட்கார வைத்துவிட்டோம், அங்கே கிழங்கு முளைக்கலாம். எண்டெகாவிர் கிழங்கைத் தோண்டி எடுக்காது. முளைக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் நாள் தவறாமல் போட வேண்டும்.

ஜெயா, 9:36
முளைத்தால் உடனே தெரியாதா செல்வி? கண் மஞ்சளாகும், பசிக்காது, இப்படி ஏதாவது?

செல்வி, 9:40
ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம் அம்மா. "மூன்று மாதமாக ஒன்றும் ஆகவில்லை" என்று மாமா எழுதியதைப் படித்ததும் எனக்கு அதனால்தான் தூக்கிவாரிப் போட்டது. இப்படிப்பட்ட கல்லீரலைப் பெற்றவர், அதற்கு முன் பி வைரஸையே பார்க்காதவர், தடுப்பு மருந்தும் இல்லை என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைரஸ் கிளம்பியிருக்கிறது என்று 2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து சில வருடம் கழித்துக்கூட வரலாம். மருந்தை ஒழுங்காகப் போட்டால் அது மிகவும் குறைந்துவிடுகிறது.

மீனாட்சி, 9:44
இவ்வளவு இருக்கும்போது அந்தக் கல்லீரலை வைத்தது ஏன்?

செல்வி, 9:49
அத்தை, அன்று மாமா இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். வாரா வாரம் வயிற்றிலிருந்து நீர் எடுத்தோம். இரண்டு முறை ரத்த வாந்தி. நம் நாட்டில் இந்தத் தடம் உள்ளவர்கள் நிறைய. எல்லோரையும் வேண்டாம் என்று ஒதுக்கினால், காத்திருந்தே போய்விடுபவர்கள்தான் அதிகமாவார்கள். நல்ல கல்லீரல், கூட ஒரு மாத்திரை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

முருகேசன், 9:57
தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று பதினைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரோ இங்கிலீஷில் படபடவென்று படித்தார்கள். உன் உடம்பில் இப்படி ஒன்று இருக்கிறது, அதனால் உன் அண்ணன் ஆயுசுக்கும் ஒரு மாத்திரை போட வேண்டும் என்று தமிழில் உட்காரவைத்து ஒருவர் சொல்லியிருந்தால் நானே அவரைத் தினமும் கேட்டிருப்பேன்.

செல்வி, 9:59
உங்கள் வருத்தம் சரி மாமா. நாங்கள் செய்ய வேண்டிய வேலை அது.

சுந்தரம், 10:24
வந்துவிட்டேன். எல்லாம் படித்தேன். முருகேசா, நீ எதை அழித்தாய் என்று மீனாட்சி சொன்னாள். போன பங்குனியில் பேத்தியைத் தோளில் வைத்துத் தேர் காட்டினேன். அந்தத் தெம்பு யார் கொடுத்தது? இனி இந்த வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாது. தப்பு என்னுடையது. கேட்காமல் நிறுத்தினேன், வீட்டில் பொய்யும் சொன்னேன்.

முருகேசன், 10:26
சரி அண்ணே.

ஜெயா, 10:31
கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தால் உள்ளே இருப்பதும் போய்விடாதா? அம்மா நமக்கெல்லாம் கொடுத்திருக்கிறாளே.

செல்வி, 10:42
அம்மா, கீழாநெல்லியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் தியாகராசன் குழு இந்த வைரஸுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தது. வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம். 1988-ல் லான்செட் இதழில் வெளிவந்தது, மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்தது என்று. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.
மேலுறைப் புரதம் மறைந்தாலும் கிழங்கு இருக்கும் என்பதைத்தானே காலையிலிருந்து பேசுகிறோம். தவிர, மாமாவுக்கு இப்போது எந்தப் பச்சிலையும் வேண்டாம். டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. பம்பளிமாஸ் பழத்தைக்கூட அதற்காகத்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

லதா, 10:47
செல்வி, உன் சின்ன மாமா சாப்பிட்ட தட்டில் எங்கள் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு?

செல்வி, 10:52
தட்டு, டம்ளர், ஒரே படுக்கை, எதிலும் பரவாது அத்தை. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, இப்படித்தான் வரும். சவரக் கத்தியும் பல் துலக்கும் பிரஷ்ஷும் மட்டும் எல்லோருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். நீங்களும் பிள்ளைகளும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். நாடு முழுக்க அரசுத் தடுப்பூசியில் இது சேர்ந்தது 2011 வாக்கில்தான், உங்கள் பெரியவன் அதற்கு முன்பே பிறந்தவன். எதிர்ப்பு இல்லை என்றால் மூன்று ஊசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.
சின்ன மாமா, உங்களுக்கு மாத்திரை எதுவும் தேவைப்படாது. ஆனால் பிற்காலத்தில் எதற்காகவாவது கீமோ, அதிக அளவு ஸ்டீராய்டு என்று பேச்சு வந்தால், இந்தத் தடம் இருப்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முருகேசன், 10:55
பர்ஸில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

செல்வி, பகல் 12:10
ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டரிடம் பேசிவிட்டேன், அவர் டாக்டரைக் கேட்டுச் சொன்னார். இன்று இரவே எண்டெகாவிர் பழைய அளவில் தொடங்க வேண்டும். நாளைக் காலை கல்லீரல் டெஸ்ட், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், பி வைரஸ் டிஎன்ஏ மூன்றுக்கும் ரத்தம். டிஎன்ஏவை மறக்காதீர்கள், மேலுறைப் புரதம் நெகட்டிவ் என்பதை வைத்து மட்டும் விட்டுவிட முடியாது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து.

முருகேசன், 12:14
காலை 6:30க்கு வண்டியோடு வாசலில் நிற்பேன் அண்ணே.

சுந்தரம், இரவு 10:02
7:30க்கு இரண்டு இட்லி. 9:50க்கு மாத்திரை. மீனாட்சி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

மீனாட்சி, 10:03
பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை

சுந்தரம், மாலை 5:16
(படம்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்)

செல்வி, 5:21
டிஎன்ஏ கண்டறியப்படவில்லை! கல்லீரல் டெஸ்ட்டில் எஸ்ஜிபிடி 28, அதுவும் நார்மல். மாமா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. டாக்டருக்கு அனுப்பிவிட்டேன், மூன்று மாதத்தில் திரும்பவும் எடுக்கச் சொல்கிறார்.

ஜெயா, 5:23
முருகா 🙏

சுந்தரம், 5:30
செல்விம்மா, ஒன்று கேட்க வேண்டும்.

செல்வி, 5:30
மாத்திரையை நிறுத்துவது பற்றி என்றால் வேண்டாம் மாமா.

சுந்தரம், 5:34
அது இல்லை. முருகேசனுக்கும் அந்த டிஎன்ஏ பார்க்க வேண்டும். அவன் தனக்கென்று கேட்க மாட்டான். அடுத்த முறை லேப்புக்குப் போகும்போது அவன் ரத்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?