மறுமொழி: டெய்சி செயின் கிரவுண்டுக்கு என்ன சொல்லலாம்?

> ஆர்கேட் (வீடியோ கேம்) பெட்டிக்கு ஒயரிங் குறிப்பு எழுதுகிறேன். பட்டன்களை வரிசையாகத் தொட்டுப் போகும் கிரவுண்டு ஒயரை, அதாவது டெய்சி செயின் கிரவுண்டைத் ‘தொடர் தரை இணைப்பு’ என்று போடட்டுமா?

வேண்டாம் அண்ணே. இரண்டு சொல்லுமே ஆளை வழிதப்ப வைக்கும்.

பள்ளிப் பாடநூலில் தொடர் இணைப்பு என்றால், மின்னோட்டம் ஒன்றைத் தாண்டித்தான் அடுத்ததற்குப் போகும். அதை நம்பி ஒருவர் பட்டன்களைக் கோத்தால், எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினால்தான் எதுவும் நடக்கும். இங்கே கதை வேறு. பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோசுவிட்சில் பொது, இயல்பில் திறந்தது, இயல்பில் மூடியது என்று மூன்று கால். பொதுக் கால்களை எல்லாம் ஒரே கம்பி தொட்டுத் தொட்டுப் போய் என்கோடர் பலகையின் (பட்டன் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் பலகை) கிரவுண்டில் சேர்கிறது. ஒவ்வொரு பட்டனின் திறந்த காலிலிருந்தும் பலகைக்கு ஒரு தனிக் கம்பி. மூடிய கால் சும்மா கிடக்கும். மின்சாரக் கணக்கில் இது பக்க இணைப்பு. ஒயர் போகிற வழி மட்டும்தான் வரிசை.

‘தரை’ இன்னும் மோசம். நாகர்கோவிலில் எந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டினாலும் எர்த்து என்று எடுத்துக்கொண்டு பிளக்கின் மூன்றாவது முள்ளைத் தேடுவார். வீட்டு எர்த்துக் கம்பியை இதில் கொண்டுவந்து கட்டுகிற வேலையே இல்லை.

‘பொதுச்சரம்’ என்று வைக்கலாம். ஆங்கிலக்காரனும் டெய்சி என்ற பூவைத்தான் கோத்திருக்கிறான். தோவாளைப் பூச்சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு எதற்குத் தரை? பேச்சிலும் வளைந்து கொடுக்கிறது: சரம் அறுந்தது, சரத்தின் கடைசிப் பட்டன். நடுவில் அறுந்தால் அதற்கப்புறம் உள்ள பட்டன் அத்தனையும் செத்துவிடும். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் உப்புக்காற்றில் பித்தளை ஸ்பேடு (காலில் செருகும் ஒயர் முனை) பச்சை பிடிக்கும் என்பதால், சரத்தின் இரண்டு முனையையும் பலகைக்கே கொண்டுவந்துவிடுவது நல்லது. ஓரிடத்தில் விட்டாலும் ஆட்டம் நிற்காது. அதை ‘வளையச்சரம்’ எனலாம்.

பழைய கீபோர்டின் பலகையைக் கழற்றி என்கோடருக்குப் பதிலாகப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் பொதுச்சரமே கிடையாது, குறுக்கும் நெடுக்குமாக நிரையும் நிரலும்தான். விசைக்கு ஒரு டயோடு இல்லாவிட்டால், சில மூன்றைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நாலாவதும் விழலாம். இரண்டு பேர் சண்டை போடுகிற பெட்டிக்கு அது ஆகாது.

---

> ‘பொதுச்சரம்’ என்று வைக்கலாம்.

தம்பி, பட்டனுக்குச் சரி. ஜாய்ஸ்டிக்குக்கு அப்படியே ஒட்டாது. நான்கு தனி மைக்ரோசுவிட்ச் உள்ள வகை என்றால் சரம் அதையும் தொட்டுக்கொண்டு போகும். சன்வா ஜேஎல்எஃப் மாதிரி ஐந்து முள் கனெக்டர் வருவதில் நான்கு திசைக்கும் உள்ள பொது, அதன் சிறு பலகையிலேயே சேர்ந்துவிடுகிறது. பொதுவுக்கென வெளியே வருவது ஒற்றை ஒயர். அதைச் சரம் என்றால் படிக்கிறவர் நான்கு கண்ணியைத் தேடுவார்.

ஆகவே ‘பொதுக்கம்பி’ என்பதைப் பொதுப்பெயராக வைத்து, பல கால்களைத் தொட்டுப் போகும்போது மட்டும் ‘பொதுச்சரம்’ என்று எழுதுகிறேன். வளையச்சரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். படத்தில் இரண்டுக்கும் கறுப்பு ஒயர்தான்.