நாற்பது மணி நேர ரைடு, ஏற்க மறுக்கும் தளம்: நெடுந்தூர சைக்கிள் பதிவுகளைப் பதிவேற்றிய அனுபவங்கள்

சென்னை உறுப்பினர் (திரியைத் தொடங்கியவர்):

நண்பர்களுக்கு வணக்கம். 600 கிலோமீட்டர் பிரெவே (கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டி முடிப்பவர்கள் பலருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. சைக்கிள் கம்ப்யூட்டரில் உள்ள பதிவை, ரைடுகளைப் பகிரும் இணையத் தளத்தில் ஏற்ற முயலும்போது, கோப்பு பழுதடைந்துள்ளது என்றோ அளவு மிகப் பெரியது என்றோ ஒற்றை வரியில் பதில் வருகிறது. சில வேளைகளில் எந்தப் பதிலும் வராமல் திரையில் காத்திருப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 200 கிலோமீட்டர் ரைடுகளை அதே கருவியும் அதே தளமும் சிக்கலின்றி ஏற்றுக்கொண்டிருப்பதால், காரணம் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிவதில்லை. இந்தத் திரியில் ஒவ்வொருவரும் தாம் சந்தித்ததையும், அதிலிருந்து மீண்ட விதத்தையும் விவரமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை வழியாகத் தெற்கே சென்று திரும்பிய ஒரு 600இன் பதிவை, நான் பயன்படுத்தும் தளம் ஏற்க மறுத்தது. கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பை அல்லாமல், ஒரு செயலி வழியாக ஜிபிஎக்ஸாக மாற்றிய கோப்பைத்தான் பதிவேற்றிக்கொண்டிருந்தேன் என்பதைக் கவனித்த பிறகே விஷயம் பிடிபட்டது. 600க்கான கால வரம்பு 40 மணி நேரம். நொடிக்கு ஒரு புள்ளி என்று கருவி பதிந்தால் 1,44,000 புள்ளிகள் சேரும். ஜிபிஎக்ஸ் என்பது எழுத்துகளால் ஆன கோப்பு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம், இதயத் துடிப்பு, மிதி வேகம் ஆகிய ஒவ்வொன்றும் தன் பெயர்க் குறியுடன் எழுதப்படுவதால் ஒரு புள்ளிக்கே முந்நூறு, நானூறு பைட்டுகள் ஆகிவிடும். மொத்தம் 40 மெகாபைட்டைத் தாண்டிவிடுகிறது. இத்தகைய தளங்களில் ஒன்றான ஸ்ட்ராவா 25 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளை ஏற்பதில்லை என்று தன் உதவிப் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறது. மற்றத் தளங்களுக்கும் தத்தம் வரம்புகள் உண்டு. அதே ரைடுக்குக் கருவியே எழுதும் மூலக் கோப்பான ஃபிட் கோப்போ இரும வடிவில் இருப்பதால் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. கருவியை யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, உள்ளே இருந்த ஃபிட் கோப்பை நேரடியாக எடுத்துத் தளத்தின் இணையப் பக்கம் வழியாக ஏற்றியபோது ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

ஜிபிஎக்ஸ் மட்டுமே கைவசம் உள்ளவர்கள், அதை ஜிஸிப் முறையில் சுருக்கிப் பார்க்கலாம். ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வருவதால் கோப்பு மிக நன்றாகச் சுருங்கும். சுருக்கிய கோப்பைத் தளம் ஏற்காவிட்டால், ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பாதையின் வடிவத்துக்கு அதிகம் உதவாத புள்ளிகளை அது கண்டறிந்து நீக்குகிறது. ஆனால் நேரான நெடுஞ்சாலையில் நீங்கும் புள்ளிகளுடன் அந்தந்த நொடியின் இதயத் துடிப்பும் போய்விடும் என்பதால், இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

எந்தச் சிக்கலாக இருந்தாலும், மூலக் கோப்பின் பிரதி ஒன்றைக் கணினியில் பத்திரப்படுத்தும் வரை கருவியில் எதையும் அழிக்கக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தளம் மறுத்தாலும் கோப்பு கையில் இருக்கும் வரை ரைடு தொலைந்துவிடவில்லை.

சேலம் உறுப்பினர்:

இத்தகைய திரிகளில் வழக்கமாகக் கிடைக்கும் முதல் அறிவுரை, நீண்ட ரைடை இரண்டு, மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பதிவேற்றுங்கள் என்பதாகும். பிரெவேக்கு அது பொருந்தலாம். எவரெஸ்டிங் செய்பவர்களுக்குப் பொருந்தாது. ஒரே மலைச்சாலையில் மீண்டும் மீண்டும் ஏறி, மொத்த ஏற்றத்தை 8,848 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டிய அந்த முயற்சியில், இடையே உறங்காமல் ஒரே மூச்சில் செய்ததைப் பதிவே காட்ட வேண்டும். ஆகவே கோப்பு ஒன்றாக இருப்பது அழகுக்காக அல்ல, அதுவே சான்று.

நான் ஏற்காடு சாலையில் ஏறி இறங்கிய ரைடு ஒன்றில், கோப்பு தளத்தில் ஏறாததால் இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியைப் பயன்படுத்தி ஜிபிஎக்ஸாக்கினேன். கோப்பு ஏறிவிட்டது; ஆனால் மொத்த ஏற்றம் கருவி காட்டியதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. என் கருவியில் காற்றழுத்த உயரமானி உள்ளது. அப்படிப்பட்ட கருவியின் மூலக் கோப்பு வரும்போது, பல தளங்கள் அதில் உள்ள உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. எந்தக் கருவி என்ற தகவல் மாற்றத்தின்போது அழிந்துவிட்டால், கோப்பில் உள்ள உயரத்தை நம்பாமல் தங்கள் நிலப்பட உயரத் தரவைக் கொண்டு புதிதாகக் கணக்கிடுகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில், ஜிபிஎஸ் புள்ளி சில மீட்டர் பக்கவாட்டில் விலகினாலே பள்ளத்தாக்கின் உயரமோ மேட்டின் உயரமோ கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்ட்ராவாவைப் பொறுத்தவரை, ஜிபிஎக்ஸ் கோப்பின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவியின் பெயருக்குப் பின் "வித் பாரோமீட்டர்" (with barometer) என்ற ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தால் கோப்பில் உள்ள உயரமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. உண்மையில் பாரோமீட்டர், அதாவது காற்றழுத்த மானி, உள்ள கருவியாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெங்களூரு உறுப்பினர்:

2023 ஆகஸ்டில் பிரான்சில் நடந்த பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பிரெவேயை ஓட்டிய அனுபவத்தைப் பகிர்கிறேன். ராம்பூயேயில் புறப்பட்டு, பிரெஸ்ட் வரை சென்று அங்கேயே திரும்ப வேண்டிய அந்தப் பாதை சுமார் 1,220 கிலோமீட்டர் நீளமுடையது. 90 மணி நேரப் பிரிவில் ஓட்டினேன். அவ்வளவு நேரம் என் கருவியின் பேட்டரி தானாகத் தாங்காது என்பதால், முன்சக்கரத்தின் டைனமோ ஹப்பிலிருந்து மின்சாரம் எடுத்தேன். என் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது. பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானிப் பகுதியின் மேடுகளில் வேகம் குறையும்போது டைனமோவின் மின்சாரம் யூஎஸ்பிக்குப் போதாமல் அறுந்து அறுந்து வரும். வெளி மின்சாரம் நின்றுவிட்டால், ரத்து செய்யாத வரை சில நொடிகளில் தானே அணைந்துவிடும் பழக்கம் என் பழைய கருவிக்கு இருந்தது. வழியில் உள்ள லூடேயாக் என்ற ஊரைத் தாண்டிய பிறகு இரவில் அது அணைந்ததை நான் உடனே அறியவில்லை. விளைவாக ஒரே ரைடு பல கோப்புகளாகச் சிதறியது. அவற்றில் ஒன்று முறையாகச் சேமிக்கப்படாமலே நின்றுவிட்டது.

முறையாக முடியாத ஃபிட் கோப்பைத் தளங்கள் ஏன் மறுக்கின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். கோப்பின் தலைப்பகுதியில், உள்ளே எத்தனை பைட்டுத் தரவு இருக்கிறது என்ற எண் இருக்க வேண்டும். இறுதியில் இரண்டு பைட்டுச் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்க வேண்டும். சேமி என்ற பொத்தானை அழுத்தி ரைடை முடிக்கும்போதுதான் இவை முழுமையாகின்றன. நடுவே கருவி அணைந்தால், வரவு செலவு எல்லாம் எழுதிய பின் கூட்டுத்தொகை மட்டும் போடாமல் விட்ட பேரேட்டைப் போலக் கோப்பு நிற்கிறது. தரவு அனைத்தும் உள்ளேயே இருக்கிறது. கடைசியாக முழுமை பெற்ற பதிவு வரை வெட்டி, நீளத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் புதிதாக எழுதும் பழுதுநீக்கும் கருவிகள் இணையத்தில் உள்ளன. அவற்றில் ஒன்று என் கோப்பைச் சில நொடிகளில் மீட்டுக் கொடுத்தது.

துண்டுகளை ஒட்டுவதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபிட் கோப்பில் தூரம் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண்ணாக எழுதப்படுகிறது. இரண்டாவது கோப்பில் அது மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். முதல் கோப்பின் இறுதித் தூரத்தை இரண்டாவதன் ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டித் தரும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத் தூரம் கடைசித் துண்டின் தூரமாகவே காட்டப்படலாம். அடுத்து, ஏற்கெனவே முதல் துண்டு தளத்தில் ஏறியிருந்தால், ஒட்டிய முழுக் கோப்பை இரட்டிப்பு என்று தளம் நிராகரித்துவிடும், ஏனெனில் இரண்டின் தொடக்க நேரமும் ஒன்றே. முதலில் பழைய துண்டை நீக்கிய பிறகே முழுமையானதை ஏற்ற வேண்டும். கருவி கைபேசியுடன் தானாக ஒத்திசைந்து துண்டுகளை நமக்குத் தெரியாமலே ஏற்றிவிடுவதால், இந்த நிராகரிப்பு பலரைக் குழப்புகிறது.

டைனமோவிலிருந்து கருவிக்கு நேரடியாக மின்சாரம் தராமல், இடையில் ஒரு பவர் பேங்க்கை வைப்பதே மின்வெட்டுக்கு நான் கண்ட தீர்வு. தான் மின்னேற்றம் பெறும்போதே கருவிக்கும் மின்சாரம் தரும் வசதி அந்தப் பவர் பேங்கில் உண்டா என்பதை வாங்கும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மதுரை உறுப்பினர்:

என் அனுபவம் சிறியது. 400இன் பதிவு கைபேசி வழியாகப் பாதி வரை சென்று நின்றுகொண்டே இருந்தது. ப்ளூடூத் வழியாகப் பெரிய கோப்பு மிக மெதுவாகவே நகரும்; அந்த நேரத்தில் திரை அணைந்தால், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகக் கைபேசி அந்தச் செயலியையே நிறுத்திவிடுகிறது. செயலிக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளித்து, திரையை அணையவிடாமல் வைத்திருந்தபோது முழுமையாக ஏறியது. வைஃபை உள்ள கருவியாக இருந்தால் அதையே பயன்படுத்துவது மேல்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:

மென்பொருள் துறையில் இருப்பதால், நண்பர்களின் கோப்புகளைச் சரிசெய்து தரும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. இதுவரை யாரும் குறிப்பிடாத ஒரு வகையைச் சொல்கிறேன். ஒரு தோழியின் 300 கிலோமீட்டர் ரைடு, பல ஆண்டுகள் நீண்ட ரைடாகத் தளத்துக்குத் தோன்றியதால் நிராகரிக்கப்பட்டது. ஃபிட் கோப்பில் நேரம் என்பது 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாகவே எழுதப்படுகிறது. நடுவழியில் மறுதொடக்கம் ஆன அவரது கருவி, செயற்கைக்கோள்களிலிருந்து நேரம் கிடைப்பதற்கு முன்பே சில பதிவுகளை எழுதியிருந்தது. அவை கணக்கின் தொடக்கமான அந்த நாளுக்கே போய்விட்டன. ஃபிட் மென்பொருள் தொகுப்புடன் இலவசமாகக் கிடைக்கும் சிஎஸ்வி மாற்றியால் கோப்பை அட்டவணையாக்கி, அந்தச் சில வரிகளை மட்டும் நீக்கி, மீண்டும் ஃபிட்டாக மாற்றியதும் தளம் ஏற்றுக்கொண்டது. தளம் தரும் பிழைச் செய்தியில் இந்த விவரம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எந்த வரியில் எந்த எண் தவறு என்று தளத்தின் நிரலுக்குத் தெரிந்தே இருக்கும். அதைப் பயனருக்கும் சொல்லலாம்.

கண்ட்ரோலில், அதாவது வழியில் உள்ள சோதனை நிலையத்தில், உறங்கும்போது பதிவை ஓடவிடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளி அலைந்து, நூல் சிக்கல் போன்ற கோடுகளையும் ஓட்டாத கிலோமீட்டர்களையும் சேர்த்துவிடும். பதிவை முடித்துவிடாமல் இடைநிறுத்தம் மட்டும் செய்யுங்கள். பிரெவேயின் கடிகாரம் எப்படியும் நிற்காது. கடந்த மொத்த நேரம் கோப்பிலும் சரியாகவே இருக்கும்.

சென்னை உறுப்பினர்:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சேலம் நண்பர் சொன்னது சரியே. எவரெஸ்டிங்குக்கு ஒரே கோப்பு தேவை என்பதை ஏற்கிறேன். பிரெவேயைப் பொறுத்தவரை, கண்ட்ரோல்களில் நிரப்பிய அட்டையோ அமைப்பாளர் கேட்கும் சான்றோதான் முடிவைத் தீர்மானிக்கிறது. தளத்தில் ஒற்றை ரைடாகத் தெரிய வேண்டும் என்பது நம் ஆசை மட்டுமே. அதனால் 1000, 1200 ஓட்டும்போது உறங்கும் இடத்தில் பதிவைச் சேமித்து, மறுநாளுக்குப் புதிய பதிவைத் தொடங்குவதையே நான் விரும்புகிறேன். கருவி எங்கேனும் செயலிழந்தாலும் ஒரு நாளின் பதிவு மட்டுமே ஆபத்தில் இருக்கும். ஒன்றாக்க விரும்புபவர்கள், பெங்களூரு நண்பர் சொன்ன குழப்பம் வராமலிருக்கத் தானியங்கி ஒத்திசைவை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, வீடு திரும்பியபின் ஒட்டிக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர் நண்பரிடம் ஒரு கேள்வி: சிஎஸ்வியிலிருந்து மீண்டும் ஃபிட்டாக மாற்றும்போது, மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரின் இடது-வலது கால் பகிர்வு போன்ற கூடுதல் தரவுகள் குறையாமல் வந்தனவா? ஒரு நண்பரின் கோப்பில் அதே சிக்கல் இருக்கிறது. மூலப் பிரதியைத் தனியே வைத்துவிட்டு, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.