கொறங்காட்டைத் தரிசு என்கிறது என் வரைபடம். எப்படிப் பிரிப்பது?

முத்தூர்ப்பொண்ணு கேட்டது:

வணக்கமுங்க. கோயமுத்தூரில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தொலையுணர்தலும் (செயற்கைக்கோள் படங்களைப் படிப்பது) ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடம் போடுவது) தான் பாடம். திட்டப்பணிக்குக் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் தொடங்கி அரவக்குறிச்சி வரைக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் போடுவதாக எழுதிக் கொடுத்தேன். பிறந்து வளர்ந்த பக்கம், கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவேன் என்கிற தைரியம்.

சென்டினல்-2 செயற்கைக்கோளின் மார்ச் மாதப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மேகம் ஒரு துணுக்குகூட இல்லை, அதனால்தான் மார்ச். க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஏற்றி, தெரிந்த இடங்களைச் சுற்றிக் கோடு போட்டு, இது தென்னை, இது கிணற்றுப் பாசனத் தோட்டம், இது மானாவாரிக் காடு, இது தரிசு, இது கட்டடம், இது தண்ணீர் என்று கணினிக்குக் காட்டிக் கொடுத்தேன். மிச்சத்தை ரேண்டம் ஃபாரஸ்ட் என்கிற வகைப்படுத்தும் நிரல் பார்த்துக்கொண்டது. துல்லியம் 91 சதவீதம். வழிகாட்டிக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. கலர் பிரிண்ட் எடுத்து ஊருக்குக் கொண்டு போனேன்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நம்ம காடு எங்கம்மிணி?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடம் வெளிறிய மண் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் இருந்த நிறக்குறிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். தரிசு.

"ஏனம்மிணி, நாலு தலமுறையா மாடு மேயற கொறங்காடு. அதப் போயித் தரிசுங்கறயே?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். புறம்போக்கு இல்லை, பட்டா நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நாலு பக்கமும் கிளுவை வேலி. காங்கயம் மாடும் செம்மறியும் அதற்குள்தான் வளரும். மழை குறைந்த சரளை மண்ணில் வேறு எதை வைத்தாலும் கைப்பிடிக்காது என்று கண்டுகொண்டவர்கள் செய்த ஏற்பாடு. ஆனால் மார்ச்சில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. இடையில் செம்மண் தெரிகிறது. மேலே இருந்து பார்த்தால் உழாமல் போட்ட நிலத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

சரி என்று கொறங்காட்டை ஏழாவது வகையாகச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். இந்த முறை சோதனைப் புள்ளிகளைக் கணினியே குலுக்கிப் போடட்டும் என்று விட்டேன். கொறங்காட்டில் விழுந்த 40 புள்ளிகளில் 31 தரிசுக்குப் போயிருந்தன. மொத்தத் துல்லியம் 64. வழிகாட்டி வெளி மாவட்டத்துக்காரர். "காடு என்றுதானே பெயர் முடிகிறது, வனத்தில் சேர்த்துவிடேன்" என்கிறார். எங்கள் ஊரில் காடு என்றால் வானம் பார்த்த நிலம், வனம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

இன்னும் இரண்டு தொல்லை. கூடப் படிக்கிறவள் கொடுத்த கரூர் மாவட்டக் கிராம எல்லைகளை ஏற்றினேன். கரூர் அரபிக் கடலில் இருக்கிறது. கேலி இல்லை, இலட்சத்தீவின் அகத்தித் தீவுக்குப் பக்கத்தில் மிதக்கிறது. அப்புறம், ஊர்ப் பெயர்களைத் தமிழில் அடித்துச் சேமித்தால், திறக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள் வருகின்றன.

அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.


திருச்செங்கோட்டான் சொன்னது:

தங்கச்சி, முதலில் அந்த 91-ஐ மறந்துவிடு. எங்கே கோடு போட்டுக் கற்றுக் கொடுத்தாயோ, அதே கோட்டுக்குள் இருந்தே சோதனைப் புள்ளியும் எடுத்திருப்பாய். வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. 64 தான் உன் உண்மையான மதிப்பெண், அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம். மாதிரி எடுத்த இடமெல்லாம் வண்டி போகிற ரோட்டோரமாகத்தான் இருக்கும் என்பதும் என் ஊகம். நானும் அப்படித்தான் செய்தேன். உள்ளே தள்ளியும் பத்துப் பதினைந்து இடம் எடு.

இரண்டாவது, ஒற்றைப் படத்தை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. மார்ச்சில் காய்ந்த புல்லும் காய்ந்த களையும் ஒரே நிறம்தான். ரேண்டம் ஃபாரஸ்ட் என்ன, அதற்கு அப்பன் வந்தாலும் திணறும். நிறத்தைப் பார்க்காதே, வருஷம் முழுக்க அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்று பார். சென்டினல்-2 இரட்டையாகச் சுற்றத் தொடங்கிய 2017-க்குப் பிறகு ஐந்து நாளைக்கு ஒரு படம் கிடைக்கிறது, காசும் இல்லை. ஆவணி, புரட்டாசிக் கடைசி, மார்கழி, மாசி, சித்திரை என்று ஐந்து படம் எடு. வளிமண்டலத் திருத்தம் செய்த 2ஏ நிலைப் படங்களாகப் பார்த்து எடு. ஒவ்வொன்றிலும் என்டிவிஐ, அதாவது பசுமை எவ்வளவு என்று சொல்லும் எண், போடு. எட்டாம் பட்டையிலிருந்து (அண்மை அகச்சிவப்பு) நாலாம் பட்டையைக் (சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது, அவ்வளவுதான். ஐந்து என்டிவிஐயையும் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கை வகைப்படுத்து.

என்ன தெரியும் என்றால், மானாவாரிக் காட்டில் சோளமோ கொள்ளோ விதைக்கப் புரட்டாசியில் ஏர் ஓட்டுவார்கள். அப்போது என்டிவிஐ வெறும் மண்ணின் அளவுக்கு விழும். மார்கழியில் மளமளவென்று ஏறும், தையில் அறுத்ததும் மறுபடி விழும். கொறங்காட்டில் ஏர் இல்லை. அதனால் அந்தப் பள்ளம் இல்லை. மழைக்குப் பிறகு நிதானமாக ஏறி, நிதானமாக வாடும். சீமைக்கருவேலம் மண்டிய இடம் சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும், அதைத் தனியாக ஒதுக்கிவிடலாம். ஆக, பச்சையைத் தேடாதே, உழவைத் தேடு.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது. அந்த இடைவெளிக்கு வேண்டுமானால் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், உழுத மண்ணின் சொரசொரப்பும் அதில் தெரியும். ஆனால் மண் ஈரமாக இருந்தாலும் எதிரொலி கூடும், எது எதனால் என்று குழம்பும். ஒரு மாதம்தான் கையில் இருக்கிறது என்றால் நான் அதில் இறங்க மாட்டேன்.

கரூர் கடலில் விழுந்த கதை எனக்கு நன்றாகப் பழக்கம். இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் யூடிஎம் முறையில் உலகத்தை ஆறு ஆறு பாகையாக வெட்டியிருக்கிறார்கள். 43-ஆம் மண்டலம் கிழக்கு 78 பாகையோடு முடிகிறது, அங்கிருந்து 44. அந்த 78 எங்கே போகிறது தெரியுமா? எங்கள் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். கோவை, ஈரோடு, காங்கயம், அரவக்குறிச்சி எல்லாம் 43. கரூர், நாமக்கல், சேலம் 44. கொங்கு நாட்டைச் சரியாகப் பிளந்துகொண்டு போகிறது. உன் தோழி கொடுத்தது 44-இல் இருக்கிறது, நீ அதன் மேல் 43 என்று சீட்டு ஒட்டிவிட்டாய். ஆறு பாகை மேற்கே தள்ளிவிட்டது. அடுக்கின் பெயரில் வலது சொடுக்குப் போட்டு ஆயத்தொலை முறையை மாற்றினால் சீட்டுத்தான் மாறும், எண்கள் மாறாது. முதலில் உண்மையான முறையை, 44-ஆம் மண்டலத்துக்கான குறியெண் 32644 என்று கொடு. பிறகு ரீப்ரொஜெக்ட் செய்து, அதாவது எண்களையே மாற்றிக் கணக்கிட்டு, 43-ஆம் மண்டலத்தின் 32643-க்குக் கொண்டு வா. உன் பரப்பில் பெரும்பகுதி 43 என்பதால் மொத்தத்தையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம். மண்டலத்தின் ஓரம் என்பதால் நீளத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் போல வித்தியாசம் வரும், உன் வேலைக்கு அது தூசு.


பழைய_சர்வேயர் சொன்னது:

நில அளவையில் 30 வருடம் சங்கிலி பிடித்தவன். சாட்டிலைட் எனக்குத் தெரியாது, நிலம் தெரியும். அதனால் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

தரிசு என்ற சொல்லை அம்மிணி அந்த இடத்தில் போட்டதே சரியில்லை. கிராமக் கணக்கில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று உண்டு. அது நிலத்தின் வரிக் கதை. புல் இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லாது. உங்கள் அப்புச்சி காடு சிட்டாவில் புஞ்சை என்றுதான் இருக்கும். நீங்கள் பார்ப்பது பயிர் இல்லாத வெற்றுமண் என்றால் அப்படியே எழுதுங்கள். நாளைக்கு இந்த வரைபடத்தைப் பார்த்து "தரிசுதானே, சூரிய மின்சாரப் பலகை வைத்துக்கொள்ளலாம்" என்று ஒருவன் வந்தால் யார் பதில் சொல்வது?

தம்பி சொன்ன உழவுக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. புல் அடர்த்தி குறைந்துபோனால் கொறங்காட்டையும் உழுது, ஒரு போகம் கொள்ளு விதைத்துவிட்டு, மறுபடி புல்லுக்கு விடுகிறவர்கள் உண்டு. நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்துப் படத்தில் அது மானாவாரிக் காடாகத்தான் தெரியும். இரண்டு மூன்று வருஷம் பாருங்கள்.

எல்லை சந்தேகமாக இருக்கிற இடத்துக்குப் புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவைப் படம்) எடுத்துப் பாருங்கள், இப்போது கணினியிலேயே கிடைக்கிறது. அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் உலகத்தில் அந்தப் புலம் எங்கே இருக்கிறது என்று அதில் இருக்காது, வேலி முக்கை நீங்கள்தான் படத்தில் தேடிப் பொருத்த வேண்டும். கிளுவை வேலி பத்து மீட்டர் படத்தில் தெரியாதாம், என் பேரன் சொன்னான். கூகுள் எர்த்தில் கோடு கோடாக நன்றாகத் தெரிகிறது, கட்டம் கட்டமாக.

அந்த 78 பாகையைப் பற்றிப் படித்ததும் ஒரு நினைப்பு. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அளவையாளர் லாம்டன், தெற்கு வடக்காக இந்த 78-ஐ ஒட்டித்தான் தன் பெருவில்லை அளந்துகொண்டு போனார். எங்கள் காலத்துச் சங்கிலியையே தூக்கமுடியாமல் தூக்கினோம். அவருடைய தியோடலைட், கோணம் அளக்கும் கருவி, அரை டன் எடை.


மேகாட்டுக்காரன் சொன்னது:

கேள்விக்குறிப் பிரச்சினைக்கு மட்டும். ஷேப்ஃபைல் என்கிற கோப்பு வடிவத்தை விட்டுத் தொலையுங்கள். அதன் அட்டவணை பழங்காலத்து டிபிஎஃப். சேமிக்கும்போது எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 எழுத்துக்குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிதான். அதைச் சரிசெய்தாலும் பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட் மட்டுமே இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். "ஊர்" என்று எழுதினாலே (ஊ, ர, மேல் புள்ளி என மூன்று குறி) ஒன்பது காலி. ஜியோபேக்கேஜ் என்கிற புது வடிவத்தில் சேமியுங்கள், ஒரே கோப்பு, தமிழும் உடையாது.


முத்தூர்ப்பொண்ணு சொன்னது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றிங்க. பதில் போடத் தாமதம், ராத்திரி பகலாக இதுதான் வேலை.

கரூர் கரையேறிவிட்டது. ஜியோபேக்கேஜில் "வள்ளியரச்சல்" என்று அடித்தால் வள்ளியரச்சல் என்றே வருகிறது, அரைமணி நேரம் சும்மா திறந்து திறந்து பார்த்தேன்.

திருச்செங்கோட்டு அண்ணன் சொன்ன ஐந்து மாத அடுக்கைப் போட்டேன், சர்வேயர் ஐயா சொன்னபடி இரண்டு வருஷத்துக்கு. புரட்டாசிப் பள்ளம் அப்படியே தெரிகிறது அண்ணா. வரைகோட்டில் மானாவாரிக் காடு குதித்து இறங்குகிறது, கொறங்காடு ஆமை மாதிரிப் போகிறது. இப்போது அந்த 40-இல் 29 சரி. தவறிய 11-இல் ஆறு இடத்துக்கு நேரிலேயே போய்வந்தேன். இரண்டில் ஐயா சொன்ன மாதிரியே கொள்ளு அறுத்த தாள் நின்றது. மூன்றில் சீமைக்கருவேலம் புகுந்து புல்லை அமுக்கிவிட்டது, அங்கே என்னைவிடக் கணினி சொன்னதுதான் சரி. ஆறாவதில் வேலியைப் பிடுங்கி, வெள்ளை அடித்த கல் நட்டு, மனை போட்டிருக்கிறார்கள். போன வருஷக் கூகுள் படத்தில் அங்கே மாடு நிற்கிறது.

தரிசு என்ற சொல்லை எடுத்துவிட்டு "பயிரில்லா வெற்றுமண்" என்று வைத்தேன். நிறக்குறிப்பில் "கொறங்காடு" என்று தமிழில் போடவும் அனுமதி வாங்கிவிட்டேன். அடியில் ஒரு வரி விளக்கம் இருக்க வேண்டுமாம், "வனம் அன்று" என்றே எழுதியிருக்கிறேன்.

புது பிரிண்ட்டை அப்புச்சியிடம் காட்டினேன். காடு இப்போது புல் நிறத்தில் இருக்கிறது. தலையை ஆட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அது சரி, கெணத்தக் காணோமே?" என்றார். ஒரு கட்டம் பத்து மீட்டர், நம் கிணறு அதில் பாதிகூட இல்லை என்று சொன்னால், 70 அடி ஆழம் தோண்டினவரிடம் என்ன நடக்கும் என்று தெரியும். அடுத்த தடவை போடுகிறேன் அப்புச்சி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கூகுள் படத்தைப் பார்த்துக் கிணறுகளைக் கையால் புள்ளி வைக்க யாருக்காவது சுலபமான வழி தெரியுமா?