மறு: தசைமுடக்கம் வேண்டாம், சந்தித்தடை சரிவருமா?

> தசைமுடக்கம் என்றே போட்டுவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

சில ஆன்டிபயாடிக் மருந்துகளால் நரம்பின் செய்தி தசைக்குப் போய்ச் சேராமல் தசை தளர்ந்துபோவதற்கு நம் தாளில் என்ன சொல் போடுவது என்பதுதானே பேச்சு? தசைமுடக்கம் என்றால் புரியும் டீச்சர், ஆனால் தப்பாகப் புரியும். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ஆட்களிடம் முடக்கம் என்று சொன்னாலே பக்கவாதத்தில் விழுந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின், நியோமைசின் வகை மருந்துகள் செய்வது வேறு. நரம்பு நன்றாக இருக்கும், தசையும் நன்றாகவே இருக்கும், மின்சாரத்தால் நேராகத் தூண்டினால் தசை சுருங்கிக் காட்டும். கெடுவது இரண்டும் சந்திக்கிற இடம். நரம்பு நுனிக்குள் கால்சியம் நுழைந்தால்தான் தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வரும், அந்தக் கால்சியத்தை இவை மறிக்கின்றன, போதாக்குறைக்குத் அதை வாங்கிக்கொள்ளும் தசைப் பக்கத்து ஏற்பிகளையும் மந்தமாக்குகின்றன. கால்சியம் ஊசி போட்டு மீட்கப் பார்ப்பதும் அதனால்தான். முடக்கம் என்ற சொல்லில் இதில் ஒன்றாவது தெரிகிறதா?

என் பரிந்துரை 'சந்தித்தடை', விரித்து எழுதினால் 'நரம்புத்தசைச் சந்தித்தடை'. சந்தி என்றால் இலக்கணம் ஞாபகம் வருமே என்று சார் கேட்டிருந்தார். வரட்டுமே, முச்சந்தியும் வருகிறதே! (நம் பிள்ளைகளுக்கு மலாயில் சிம்பாங் என்றால்தான் சட்டென்று விளங்கும், ஆனால் சிம்பாங் தடை என்று எழுதினால் போலீஸ் ரோட்பிளாக் என்று நினைத்துக்கொள்வார்கள்.) 'இணைப்புத்தடை' எனக்குப் பிடிக்கவில்லை, நரம்பும் தசையும் அங்கே ஒட்டியிருப்பதில்லை, நடுவில் இடைவெளி உண்டு.

ஒரு சிக்கல் இருக்கிறது. கிளிண்டமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் தசையையே நேராகவும் பாதிக்கும், கால்சியமோ, அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மினோ கொடுத்தாலும் நம்பும்படி சரியாகாது. அதற்குச் சந்தித்தடை என்பது மட்டும் போதாது. ஆகவே தலைப்புச் சொல்லாக 'மருந்துவழித் தசைத்தளர்வு', அதற்குள் ஒரு வகையாகச் சந்தித்தடை என்று வைப்போம்.

அப்புறம், கோயில் மண்டபத்தில் கொடுக்கப்போகும் தாளில் இது எல்லாருக்கும் வரும் என்பதுபோல் எழுதாதீர்கள். வழக்கமான அளவில் பெரும்பாலோருக்கு இது அரிது. அறுவை சிகிச்சையில் தசைத்தளர்த்தி மருந்து வாங்கியவர்களும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை சோரும் நோய் உள்ளவர்களும்தான் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். பயந்துபோய் யாராவது காசநோய்க்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசினை நிறுத்தினால் அது பெரிய வம்பு.

மயஸ்தீனியாவுக்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா? 'தசைச்சோர்வு' போதாது, வேலை செய்யச் செய்யக் கூடி, ஓய்ந்தால் குறைகிற குணம் அதில் வரவில்லை.